டி. எஸ். பாலையா: பேச்சால் வாழ்ந்த நடிகர்

நம் பர்மாவின் மோல்மீனிலிருந்து ஒரு தம்பி எனக்கு அனுப்பிய கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் கைப்பேசியில் ‘காதலிக்க நேரமில்லை’ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, எண்பதைக் கடந்த அவருடைய தாத்தா எட்டிப் பார்த்து, “இந்தப் பாவியா? மதுரை வீரனின் கையையும் காலையும் வெட்ட வைத்தவன் ஆயிற்றே!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். நாகேஷ் சொல்லும் திகில் கதையைக் கேட்டு நடுங்குகிற பணக்காரத் தகப்பனும், தாத்தா இன்றுவரை மன்னிக்காத அந்த வஞ்சகனும் ஒரே ஆள்தானா, அவர் எந்தக் காலத்தில் நடிக்க வந்தார், வில்லனாக இருந்தவர் எப்படிச் சிரிக்க வைப்பவராக மாறினார், அவரைப் புரிந்துகொள்ள எந்தப் படத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார்.

ஒரே ஆள்தான், தம்பி. பெயர் டி. எஸ். பாலையா. தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய ஐந்தாம் ஆண்டில் திரைக்கு வந்து, 1972இல் கண்மூடும் வரை அதை விட்டு விலகாதவர். அவர் வில்லனாக இருந்து பிறகு நகைச்சுவைக்கு மாறினார் என்று பலரும் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்கிற மனிதனின் பேச்சு எப்படி ஒலிக்கும் என்பதை அவர் இளமையிலேயே கண்டுகொண்டார். கடைசிவரை அந்த ஒரு வித்தையைத்தான் ஆழப்படுத்திக்கொண்டே போனார். அந்தப் பேச்சு எதிரில் நிற்பவனை ஏமாற்றினால் நாம் பல்லைக் கடிக்கிறோம். அதே பேச்சு பேசுகிறவனையே காட்டிக்கொடுத்துவிட்டால் சிரிக்கிறோம். உங்கள் தாத்தாவின் கோபத்துக்கும் உங்கள் சிரிப்புக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதான்.

பாலையா 1914ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் சுண்டன்கோட்டை என்ற ஊரில் பிறந்தவர். அந்தத் தலைமுறையின் நடிகர்களில் பெரும்பாலோரைப் போலவே அவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர். அந்த நாளைய நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (திருடன்), பபூன் (கோமாளி) என்று வேடங்கள் வரையறுக்கப்பட்டிருந்தன. ‘குணச்சித்திர நடிகர்’ என்ற பெயரே அப்போது புழக்கத்தில் இல்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி பேச வேண்டும், பாட வேண்டும். தொண்டையே மூலதனம். விடியவிடிய நடக்கும் நாடகத்தில் குரல் கம்மிப்போனவனுக்கு மறுநாள் வேடம் கிடைக்காது.

அந்தக் கம்பெனிகள் நம் ஊருக்கும் வந்தவை என்பதை இங்கே வளர்கிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நாடக ஆசிரியர் கந்தசாமி முதலியாரின் ஏற்பாட்டில் எம்.ஜி.ஆர். இளம் வயதில் ரங்கூனுக்கு வந்து, முதலியாரின் மகன் எம். கே. ராதாவுடன் இங்கே மேடையேறியிருக்கிறார். மொகல் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளும், துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலியாட்களும், நெல் ஆலைகளும் இருந்த ரங்கூன், சென்னை நாடகக்காரர்களுக்குக் கடல் தாண்டிப் போய் வரத்தக்க வருமானமுள்ள ஊராக இருந்தது. பாலையாவின் முதல் படத்தில் கதாநாயகன் அதே ராதா, வசனம் எழுதியவர் அதே கந்தசாமி முதலியார், சிறு வேடத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றியவர் அதே எம்.ஜி.ஆர். ஆகவே அந்தப் படம் ரங்கூன் தமிழருக்குத் தெரிந்த வட்டாரத்திலிருந்தே புறப்பட்டது. இன்னொரு செய்தியும் உண்டு. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் பம்பாயின் இம்பீரியல் ஃபிலிம் கம்பெனியில் உருவானது. பர்மிய மொழியின் முதல் பேசும்படமும் அடுத்த ஆண்டு அதே கம்பெனியில்தான் எடுக்கப்பட்டது. நாம் இங்கே அன்றாடம் பேசுகிற இரண்டு மொழிகளும் திரையில் வாய் திறந்தது ஒரே கூரையின் கீழ் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

பாலையா வருவதற்கு முன் பேசும்படத்தின் நிலை என்ன என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் மதிப்பு விளங்கும். ‘காளிதாஸ்’ படத்தில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை; ஏனென்றால் மக்கள் வந்தது பாட்டுக்காக. ஒரே படத்தில் நாற்பது, ஐம்பது பாட்டுகள் இருந்த காலம் அது. பின்னணி பாடும் முறை வராததால் நடிப்பவரே காமிராவின் முன் நின்று பாட வேண்டும், அதே நேரத்தில் ஒலியும் பதிவாக வேண்டும். மைக்கைக் காமிராவின் பார்வையில் படாமல் தலைக்கு மேலே எங்காவது தொங்கவிட்டிருப்பார்கள். அதன் எல்லையைத் தாண்டி நடிகர் நகர்ந்தால் குரல் தேய்ந்துவிடும். ஆகவே நாடகத்தில் நின்றது போலவே வரிசையாக நின்றார்கள், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற பழக்கத்தில் உரக்கவே பேசினார்கள். மைக் காதுக்கு அருகில் இருக்கும் மனிதன் போன்றது, அதனிடம் கத்த வேண்டியதில்லை என்று உணர்ந்தவர்கள் தொடக்கத்தில் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் பாலையா.

1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ அவருக்கு முதல் படம். ஆனந்த விகடனில் எஸ். எஸ். வாசன் எழுதிய தொடர்கதையைக் கோயம்புத்தூர் மனோரமா ஃபிலிம்ஸ் படமாக்கியது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். இவருக்கும் இது முதல் படம், தமிழும் தெரியாது. மொழி தெரியாத ஒருவர் வசனத்தின் பொருளைச் சரிபார்க்க முடியாது. ஆனால் பேசுகிறவனின் முகமும் குரலும் உண்மையாக இருக்கின்றனவா என்பதை அவரால் பார்க்க முடியும். நாடக மேடையைக் காமிராவால் படம் பிடிப்பதோடு நின்றுவிடாமல், காமிராவை நகர்த்தி, நடிகரின் அருகே கொண்டுபோனவர் டங்கன். பாலையாவைப் போன்ற நடிகருக்கு அதைவிட நல்ல தொடக்கம் அமைந்திருக்க முடியாது என்பது என் கணிப்பு.

கதையில் அவருக்குக் கிடைத்த பாத்திரமும் அப்படிப்பட்டது. சென்னையில் வசதியாக வாழும் கிருஷ்ணமூர்த்தியை ராமநாதன் என்ற நண்பன் குடிப்பழக்கத்தில் இழுத்துவிடுகிறான். குடி வெறியில் தான் ஒரு கொலை செய்துவிட்டதாக நம்பிய கிருஷ்ணமூர்த்தி இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். அந்த ராமநாதன்தான் பாலையா. இந்த வில்லன் வாள் ஏந்திய அரக்கன் இல்லை. தோளில் கைபோட்டு வருகிற சிநேகிதன். புராணப் படத்து அசுரன் வாயைத் திறந்தாலே இவன் கெட்டவன் என்று குழந்தைக்கும் தெரியும். ராமநாதனோ இனிக்கப் பேசினால்தான் கதை நகரும். அவன் நண்பன் நம்ப வேண்டும், பார்ப்பவர்கள் நம்பக் கூடாது. ஒரே குரலில் இரண்டையும் கொண்டுவருவது எத்தனை கடினம் என்பதை நீங்களே நாலு வரி பேசிப் பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள். வேலைக்கென்று கடல் கடந்து வந்து, ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டுச் சம்பளத்தைக் கள்ளுக்கடையில் தொலைத்தவர்கள் பர்மாவிலும் இருந்தார்கள். தோட்டத்துக் கூலியாகப் போன கிருஷ்ணமூர்த்தியின் கதை அவர்களுக்கு எங்கோ நடந்த கதையாகப் பட்டிருக்காது.

அடுத்த ஆண்டு, 1937இல், ‘அம்பிகாபதி’. மீண்டும் டங்கன். கதாநாயகன் எம். கே. தியாகராஜ பாகவதர், கம்பராகச் செருகளத்தூர் சாமா, இசை பாபநாசம் சிவன், வசனம் இளங்கோவன். கம்பர் மகன் சோழ இளவரசியைக் காதலித்துத் தலையை இழந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதில் காதலுக்குக் குறுக்கே நிற்கிற தளபதி ருத்ரசேனனாகப் பாலையா வந்தார். படம் ஓராண்டு ஓடியது. அவருடைய பெயரும் நிலைபெற்றது.

எங்கள் வீட்டில் இந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் தாத்தா ரங்கூன் கொட்டகை வாசலில் வாங்கியது. 1942இல் குண்டு விழுந்து ஊரே காலியானபோது, அவர் பெகுப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்; துணி மூட்டைக்குள் சிவபுராணத்தோடு இதுவும் போனது. கையகலப் புத்தகம். தைத்த கம்பி துருப்பிடித்து, முதல் தாளில் செம்பழுப்பாக இரண்டு கறைகளை விட்டிருக்கிறது. கதைச் சுருக்கம் ஒரு பக்கம், நடிகர் பட்டியல் ஒரு பக்கம், மீதியெல்லாம் பாட்டு. பாகவதர் பாடிய பாட்டுகளின் பக்கங்களில் மூலைகள் மடங்கி, விரல் பட்ட எண்ணெய் மினுமினுக்கிறது. நடிகர் பட்டியலில் ‘ருத்ரசேனன்’ என்று அச்சிட்ட இடத்துக்கு எதிரே, தாத்தா பென்சிலால் ‘பலே’ என்று எழுதியிருக்கிறார். புத்தகத்தில் அவர் கைப்பட எழுதியது அந்த ஒரு சொல் மட்டுமே. பாட்டே இல்லாத ஒருவனுக்கு, பாட்டுப் புத்தகத்தில் கிடைத்த பாராட்டு அது.

அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துப் பார்த்தே பாலையாவின் முதல் பத்தாண்டை நான் புரிந்துகொண்டேன். 1930களிலும் 1940களின் முற்பாதியிலும் தமிழ்ப் படத்துக் கதாநாயகன் பாடியே தீர வேண்டும். பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் உச்சியில் இருந்ததற்கு முதல் காரணம் அவர்கள் தொண்டை. பாட்டால் பெயர் எடுக்க வழியில்லாத நடிகனுக்கு, எத்தனை திறமை இருந்தாலும், கிடைப்பது வில்லன், நகைச்சுவை, தகப்பன், மந்திரி ஆகிய வேடங்களே. அதாவது அந்தக் காலத்தில் பேச்சு என்பது முழுக்க இரண்டாம் வரிசை நடிகர்களின் கையில் இருந்தது. கதாநாயகன் பாட்டில் உள்ளத்தைச் சொல்வான். கதையை நகர்த்துகிற சூழ்ச்சி, பொய், மிரட்டல், சமாதானம் எல்லாவற்றையும் பேச்சில் செய்ய வேண்டியவன் வில்லன். இளங்கோவனின் வசனம் வந்த பிறகு, அந்தப் பேச்சுக்கே ஓர் அழகும் அமைப்பும் கிடைத்தன. அடுக்குத்தொடரையும் எதுகை மோனையையும் மேடைப் பிரசங்கம் போல ஒப்பிக்காமல், எதிராளியின் முகத்தைப் பார்த்து, அவன் என்ன நினைக்கிறான் என்று அளந்து அளந்து சொல்வதே பாலையாவின் முறை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் அவர் விடுகிற சிறு நிறுத்தத்தில்தான் ருத்ரசேனனின் வஞ்சகம் இருக்கிறது.

பாட்டை மட்டும் நம்பிய வாழ்க்கைகள் எப்படி முடிந்தன என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1944 இறுதியில் கைதானார்கள். விடுதலை பெற்றுத் திரும்பிய பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. சின்னப்பா 1951இல் இளம் வயதிலேயே காலமானார். இதற்குள் பின்னணிப் பாட்டு நிலைபெற்றுவிட்டது. பாட்டுக்கு ஒருவர், நடிப்புக்கு ஒருவர் என்று ஆனவுடன், அதுவரை இரண்டாம் வரிசையில் இருந்த பேச்சு முன்னால் வந்தது. அதில் பத்தாண்டுகளாகக் கைதேர்ந்திருந்த பாலையாவுக்கு அந்த மாற்றம் ஏற்றமாகவே அமைந்தது.

போர்க்காலத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது. நமக்கோ கப்பலே இல்லை, படம் எங்கிருந்து வரும்? போர் முடிந்து, கடல் வழி மறுபடி திறந்தபோது ரங்கூன் தமிழர் பார்த்த பாலையா முன்பு பார்த்தவரிலிருந்து வேறாக இருந்தார். 1948இல் ‘மோகினி’ படத்தில் எம்.ஜி.ஆருடன் சேர்ந்து கதாநாயகர்களில் ஒருவராகவே நடித்தார். கதாநாயக வேடம் அவருக்குப் பொருந்தியதா என்று கேட்டால், நான் இல்லையென்றே சொல்வேன். நேர்மையானவனாக நிற்பதற்கு அவருடைய குரலில் வேலை இல்லை.

1949இல் வந்த ‘வேலைக்காரி’தான் அவர் வாழ்க்கையில் அடுத்த பெரிய படி. அறிஞர் அண்ணாவின் கதை வசனம், ஏ. எஸ். ஏ. சாமி இயக்கம், ஜூபிடர் தயாரிப்பு. வட்டிக்குக் கொடுத்துத் தன் தந்தையைத் தூக்கில் தொங்க வைத்த வேதாசல முதலியாரைப் பழிவாங்கக் கத்தியோடு புறப்படுகிறான் ஆனந்தன். அந்த வேடத்தில் கே. ஆர். ராமசாமி. அவனைத் தடுத்து, கத்தியைத் தீட்டுவதை விட்டுப் புத்தியைத் தீட்டச் சொல்கிற தோழன் மணியாகப் பாலையா வருகிறார். இறந்துபோன பணக்காரன் ஒருவனின் இடத்தில் ஆனந்தனைப் பொருத்தி, அந்த ஆள்மாறாட்டத்தை நடத்துவதும் மணியின் யோசனையே. கவனித்துப் பாருங்கள்: ‘சதி லீலாவதி’யில் நண்பனின் காதில் ஓதிக் கெடுத்த அதே ஆள், இங்கே நண்பனின் காதில் ஓதி வாழ வைக்கிறார். தொழில் ஒன்று, பயன் வேறு. வில்லனுக்குப் பழகிய சாமர்த்தியக் குரல் நல்லவனின் வாயில் வந்தபோது, அறிவு என்பதே இப்படித்தான் பேசும் போலிருக்கிறது என்று மக்களுக்குத் தோன்றியது. வட்டிக் கடையும் அடமானமும் என்னவென்று நன்றாகத் தெரிந்த பர்மாத் தமிழர் அந்தப் பேச்சை எத்தனை கவனமாகக் கேட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் தந்தையார் மணியின் வசனங்களைச் சவரம் செய்துகொள்ளும்போதே சொல்லிக்கொண்டிருப்பார்.

1950களில் அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக எழுதினால் பட்டியலாகிவிடும். எனக்கு முக்கியமாகப் படுகிறவற்றை மட்டும் சொல்கிறேன். 1954இன் ‘தூக்குத் தூக்கி’யில் வடநாட்டுச் சேட்டாக வந்து, ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று கொச்சைத் தமிழில் குழைந்து பேசினார். இன்னொருவன் மனைவியோடு கள்ளத்தொடர்பு வைத்திருக்கிற கயவன் வேடம். ஆனால் அந்தத் தமிழைக் கேட்டவர்கள் வெறுக்க மறந்து சிரித்தார்கள். வில்லத்தனமும் நகைச்சுவையும் ஒரே வாயில் கலந்து வந்ததை அன்றே கண்டிருக்கலாம். 1956இல் ‘மதுரை வீரன்’. பொம்மியைத் தனக்கென்று நினைத்திருந்து, அவளை வீரன் மணந்துகொண்டதால் புகைந்து, கடைசியில் அவன் மாறுகால் மாறுகை வாங்கப்படுவதற்குக் காரணமாகிற நரசப்பனை உங்கள் தாத்தா மறக்காததில் வியப்பில்லை. மதுரை வீரன் நமக்குக் கொட்டகையில் பார்த்த கதாநாயகன் மட்டுமா? இந்த நாட்டில் எத்தனை ஊர்க் கோயில்களில் காவல் தெய்வமாகக் கும்பிடுகிறோம். தெய்வத்துக்குத் தீங்கு செய்தவனை யார் மன்னிப்பார்?

அந்தப் பத்தாண்டின் முடிவில் அவர் வயதுக்கு ஏற்ற வேடங்கள் வரத் தொடங்கின. 1959இன் ‘பாகப்பிரிவினை’யில் குடும்பம் உடைவதைப் பார்க்கிற மூத்தவர், 1960இன் ‘களத்தூர் கண்ணம்மா’வில் மகனின் காதலுக்குக் குறுக்கே நிற்கும் ஜமீன்தார். இரண்டும் பீம்சிங் இயக்கியவை. பிடிவாதம் பிடித்த பெரியவரைக் கல்லாகக் காட்டாமல், உள்ளே தனக்கே ஐயம் இருக்கிற மனிதராகக் காட்டியது பாலையாவின் கொடை. இந்த வேடங்கள் போதிய அளவு பேசப்படவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

இப்போது நீங்கள் பார்த்த படத்துக்கு வருகிறேன். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ 1964 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வெளியாயிற்று. அடுத்த மாதமே இங்கே கடைகள் அரசுடைமையாயின. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. என் வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாகிவிட்டன. தமிழ்ப் படம் வருவதும் அரிதாகிப்போன அந்த ஆண்டுகளில் இந்தப் படத்தை நான் கேட்டேனே ஒழியப் பார்க்கவில்லை. சிற்றலையில் இலங்கை வானொலி, பிறகு யாராவது ஊருக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவரும் ஒலிநாடா. படத்தை என் கண்ணால் பார்க்கும்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். அதற்குள் பாலையாவின் ஒவ்வொரு மூச்சும் எனக்கு மனப்பாடம்.

அதனால்தான் அந்தப் படத்தின் ஒரு வரியைப் பற்றி நிறையச் சொல்ல ஆசைப்படுகிறேன். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனான பாலையா, தான் வேலையை விட்டு நீக்கிய அசோகனை மதிக்கவே மாட்டார். அவன் பெரிய கோடீஸ்வரரின் மகன் என்று (பொய்யாக) தெரிய வந்ததும், அந்தத் தந்தை வேடத்தில் வந்திருக்கிற முத்துராமனிடம், “அசோகர் உங்க மகருங்களா?” என்று கேட்பார். ‘அசோகன்’ என்பதில் ‘ன்’ போய் ‘ர்’ வந்ததோடு நிற்கவில்லை. ‘மகன்’ என்ற சொல்லிலும் மரியாதை தொற்றி ‘மகர்’ ஆகிவிட்டது. தமிழில் பிறந்து வளர்ந்தவனுக்கு மட்டுமே விளங்குகிற நகைச்சுவை இது. என்னிடம் கோயில் வகுப்பில் தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு மரியாதைப் பன்மையைச் சொல்லிக்கொடுக்க இந்த வரியைத்தான் பயன்படுத்துகிறேன். ஒருமுறை கேட்டால் மறப்பதில்லை. ராமநாதனும் ருத்ரசேனனும் ஆசையை மறைத்துக்கொண்டு இனிக்கப் பேசினார்கள். விஸ்வநாதனும் பண ஆசையை மறைத்துக்கொண்டுதான் இனிக்கப் பேசுகிறார். ஆனால் ஒரு மெய்யெழுத்து அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

படம் எடுக்கத் துடிக்கும் மகனாக வரும் நாகேஷ் கதை சொல்லும் காட்சியில் பாலையா பேசுவது மிகவும் குறைவு. கதவு கிறீச்சிடுவதையும் காற்று ஊளையிடுவதையும் நாகேஷ் வாயாலேயே செய்துகாட்ட, இவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். மகனுடைய படத்துக்குப் பணம் தரக் கூடாது என்ற உறுதியோடு உட்கார்ந்த தகப்பன், கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் இழுக்கப்பட்டு, கண் விரிந்து, மூச்சடைத்துப்போகிறான். சிரிப்பு வருவது நாகேஷின் சேட்டையால் என்று நினைக்கிறோம். பாலையாவின் முகத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் அந்தக் காட்சியில் பாதி போய்விடும். கேட்பதும் நடிப்புதான் என்பதற்குத் தமிழில் அதைவிட நல்ல பாடம் நான் கண்டதில்லை.

அடுத்த ஆண்டு, 1965இல், ‘திருவிளையாடல்’. பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் விறகு விற்ற படலத்தில் வருகிற ஏமநாத பாகவதரை ஏ. பி. நாகராஜன் பாலையாவிடம் கொடுத்தார். பாட்டால் பெயர் எடுக்காமல் பாட்டின் காலத்தைக் கடந்துவந்த மனிதர், பாட்டின் ஆணவமே உருவெடுத்த வித்துவானாக அமர்கிறார். பாடிய குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. கண்ணதாசனின் வரிகளில் தோடியும் தர்பாரும் மோகனமும் கானடாவும் தற்புகழ்ச்சியாகவே கோக்கப்பட்டிருக்கின்றன. பாலையா அந்தப் பாட்டுக்கு வாயசைக்கவில்லை. அந்தக் குரல் தன்னுடையது என்று நம்புகிற மனிதனாகவே இருக்கிறார். பாண்டிய நாட்டையே தன் இசைக்கு அடிமை என்று எழுதித் தரச் சொல்லும் திமிர் அந்த உடம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. பிறகு இரவில், திண்ணையில் ஒரு விறகுவெட்டியின் பாட்டு கேட்க, ஏமநாதன் எழுந்து நிற்கிறான். மறுபடியும் கேட்கிற வேலைதான். அங்கே கேட்டுக் கேட்டு நடுங்கியவர் இங்கே கேட்டுக் கேட்டு உடைந்துபோகிறார்.

என் இளமையில் எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா என்றால் பூவரச மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் இந்தப் படத்தின் கதை வசனம் போடுவார்கள். கரகம் எடுத்துத் திரும்பிய பெண்கள் கஞ்சிக் கலயத்தோடு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். ஏமநாதன் சபையில் சவால் விடும் இடம் வந்தால் பேச்சு நின்றுவிடும். தமிழை முழுதாக மறந்து பர்மிய மொழியிலேயே வளர்ந்த பேரப்பிள்ளைகளும் அந்தக் குரலில் இருக்கிற செருக்கைப் புரிந்துகொண்டு, இவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று பாட்டியிடம் கேட்பார்கள். படம் தெரியாது, சொல்லின் பொருள் தெரியாது. குரல் மட்டும் போதுமாயிருந்தது.

1967இல் பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ படத்தில் மூன்று பிள்ளைகளின் ஆடம்பரத்தைப் பார்த்துத் தவிக்கும் தந்தை, அதே ஆண்டு ‘ஊட்டி வரை உறவு’, 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்று கடைசி ஆண்டுகளும் நிறைவானவையே. ‘தில்லானா’வில் நாகசுர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரத்தின் தவில்காரர் முத்துராக்கு. வித்துவானின் கோபத்தையும் காதலையும் பக்கத்தில் உட்கார்ந்து தாங்குகிற, அவருக்காகப் பிறரிடம் மல்லுக்கு நிற்கிற துணைவன். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நண்பனின் தோளில் கைபோட்டுக் குடிக்கக் கூட்டிப்போன ராமநாதனை நினைத்துக்கொண்டு முத்துராக்குவைப் பாருங்கள். அதே நெருக்கம், அதே தோள். இங்கே வஞ்சகம் துளியும் இல்லை. அந்த வேடத்தை அவர் செய்த எல்லாவற்றிலும் மேலாக நான் வைக்கிறேன்.

1972 ஜூலை 22ஆம் நாள் பாலையா காலமானார். அவருடைய மகன் ஜூனியர் பாலையா என்ற பெயரில் ‘கரகாட்டக்காரன்’ முதல் ‘சாட்டை’ வரை பல படங்களில் நடித்து, 2023இல் மறைந்தார்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஏற்கெனவே ‘காதலிக்க நேரமில்லை’யில் நிற்பதால் அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்: முதலில் ‘மதுரை வீரன்’, பிறகு ‘வேலைக்காரி’, அதன் பிறகு ‘அம்பிகாபதி’. பழைய படங்களில் ஒலி தெளிவாக இராது. பாட்டுகளுக்கு இடையில் பொறுமை வேண்டும். காதில் ஒலிப்பான் மாட்டிக்கொண்டு, ருத்ரசேனன் வரும் இடங்களில் கண்ணை மூடிக் கேளுங்கள். அந்த நிறுத்தங்கள் பழகிய பிறகு முன்னோக்கித் திரும்பி ‘திருவிளையாடல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ இரண்டையும் பாருங்கள். கடைசிப் படத்தை மட்டும் கைப்பேசியில் பார்க்க வேண்டாம்; வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டு, உங்கள் தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நரசப்பனை அவர் மன்னிக்க வேண்டாம். முத்துராக்கு தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.